ஊர் மளிகைக் கடையும் நமக்கு ஒரு சந்தைதான்!

டெல்டா மாவட்டங்களில் சம்பா அறுவடைக்கு முன் தெளித்த உளுந்து, பங்குனி, சித்திரையில் களத்துக்கு வந்துவிடும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரர்களுக்குத் தேறுவது ஒன்றிரண்டு மூட்டைதான். அதை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏற்றிச் சென்றால் வண்டி வாடகை, கூலி, ஒரு நாள் வேலை எல்லாம் போகும். அதனால் களத்துக்கே வரும் வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு மாதம் கழித்து, இட்லிக்கு ஊறப்போட ஊர் மளிகைக் கடையில் உளுந்து வாங்குகிறோம். அது மியான்மரிலிருந்து கப்பலில் வந்த உளுந்தாகக்கூட இருக்கலாம்!

இயற்கை அங்காடி என்று பலகை மாட்டாத அந்தச் சாதாரணக் கடைதான் சிறு விவசாயிக்கு ஏற்ற இடம். மூட்டைக் கணக்கில் கேட்காமல், 10 கிலோ, 20 கிலோ என்றாலும் எடுத்துக்கொள்வார்கள். பொருள் யாருடைய வயலில் விளைந்தது என்று வாங்குகிறவருக்கும் தெரியும்.

கடைக்காரர் எதிர்பார்ப்பது என்ன?

முதலில் காய்ச்சல். ஈரப்பதம் 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். கடித்துப் பார்த்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடைய வேண்டும். அடுத்தது சுத்தம். கல், மண், சுருங்கிய மணி இல்லாமல் சலித்துக் கொடுங்கள். பயறு வண்டு, வயலில் காய்களிலேயே முட்டையிட்டு வீட்டுக்கு வந்துவிடும். முழு உளுந்தைவிட உடைத்த பருப்பில் அதன் தாக்குதல் குறைவு. சாப்பிடும் தானியத்தில் பூச்சிக்கொல்லித் தூளைக் கலக்கவே கூடாது.

மூன்றாவது, தொடர்ச்சி. ஒரே நாளில் மொத்தத்தையும் இறக்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை கிலோ போகும் என்று கடைக்காரரிடமே கேட்டு, அந்த அளவுக்குக் கொடுங்கள். பக்கத்து வயல்காரர்கள் நான்கைந்து பேர் முறைவைத்துக் கொடுத்தால், ஆறேழு மாதத்துக்குத் தட்டில்லாமல் வரும்.

விலை பேசும்போது, டவுன் மொத்தக் கடையில் அவர் என்ன விலைக்கு எடுக்கிறார் என்று கேளுங்கள். வண்டிச் செலவு அவருக்கு மிச்சம். களத்து விலையைவிடக் கூடுதல் நமக்கு. பணம் நிற்குமானால், எத்தனை நாளில் தருவார் என்பதை முதலிலேயே பேசி, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு மளிகைப் பற்றில் கழித்துக்கொள்வதும் இருவருக்கும் வசதி.

விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. உடைத்து, பாக்கெட் போட்டு விற்பதானால் பதிவு செய்ய வேண்டும்.

ஊர்க் கடையால் எல்லாவற்றையும் வாங்க முடியாது. 10 மூட்டை இருந்தால், குறைந்தபட்ச ஆதரவு விலைக் கொள்முதல் நடக்கும்போது விற்பனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால், சில்லறையாக விளைவதை வாங்க ஊரில் ஒரு கடையாவது வேண்டும். நாமெல்லாம் டவுன் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டால், அதுவும் பூட்டிவிடும். இந்தப் பட்டத்தில், களத்தில் விலை பேசுவதற்கு முன், ஒரு கிலோ உளுந்தைச் சலித்து எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கடைக்கு ஒருமுறை போய்வாருங்கள்.