வெள்ளைப்படுதலை யாரிடம் சொல்வது?
இளையோரின் பாலியல் நலமும் ஊருக்குள் போய்க் கேட்கும் ஆய்வும்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 1996-97ஆம் ஆண்டுகளில் கிராமங்களுக்குப் போய் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 16 முதல் 22 வயதுக்குட்பட்ட, மணமான 451 இளம்பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள், உடலைப் பரிசோதித்தார்கள், ஆய்வகச் சோதனையும் செய்தார்கள். அவர்களில் 53 சதவீதம் பேர் தங்களுக்கு ஏதோவொரு பெண்நோய்த் தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். 38 சதவீதம் பேருக்குப் பிறப்புறுப்புப் பாதையில் தொற்று இருப்பது ஆய்வகத்தில் தெரிந்தது. இந்த இரண்டையும்விட என்னைக் கலங்கவைத்தது மூன்றாவது தகவல். தொந்தரவு இருந்த பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த மருத்துவத்தையும் நாடவில்லை.

ஏன் போகவில்லை என்று அந்தப் பெண்களிடமே கேட்டார்கள். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் வைத்தியம் பார்க்கப் பெண் யாரும் இல்லை. மறைவாகப் பேச இடமில்லை. தூரம் அதிகம். கையில் காசு இல்லை. எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே என்ற நினைப்பு வேறு.

இந்தப் பதில்கள் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் கிடைக்காது. வந்தவர்களின் கதைதான் அங்கே இருக்கும். வராதவர்களுக்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. ஊருக்குள் போய், அந்த ஊர் மக்களோடு சேர்ந்து செய்யும் ஆய்வு அதனால்தான் தேவைப்படுகிறது. இளையோரின் பாலியல் நலத்தில் அதற்கு மாற்று வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சூடு என்று ஒதுக்கப்படும் நோய்

நம் வீடுகளில் வெள்ளைப்படுதலுக்கு முதலில் சொல்லப்படும் காரணம் உடம்புச் சூடு. வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார்கள், மோர் குடிக்கச் சொல்வார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். மாதவிடாய்ச் சுழற்சிக்கு ஏற்பக் கூடிக் குறைகிற, நிறமோ துர்நாற்றமோ இல்லாத கசிவு இயல்பானது. அதற்கு மருந்தே வேண்டாம். ஆனால் தயிர்த்திரள் போலவோ மஞ்சள், பச்சை நிறத்திலோ வந்தால், நாற்றம், அரிப்பு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அது சூடு அல்ல. மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

வேலூர் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பாலுறவால் பரவும் தொற்று 15 சதவீதம் பேரிடம் இருந்தது. உடலில் இயல்பாகவே வாழும் கிருமிகள் அளவுமீறிப் பெருகுவதால் வரும் தொற்று 28 சதவீதம் பேரிடம் இருந்தது. பூஞ்சைத் தொற்று இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மணமாகாத பெண்ணுக்கும் அது வரலாம். அவளுடைய நடத்தைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இது தெரியாமல் மருமகளைச் சந்தேகிக்கும் மாமியாரும் மகளை அடிக்கும் தாயும் இன்றும் இருக்கிறார்கள். இந்த ஒரு தகவல் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தாலே பல பெண்கள் வாய்திறந்து பேசுவார்கள்.

அறிகுறியே காட்டாத தொற்றுகளும் உண்டு. கிளமிடியா அப்படிப்பட்டது. பெரும்பாலான பெண்களிடம் அது சத்தமில்லாமல் இருந்து கருக்குழாயைச் சேதப்படுத்துகிறது. கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்தும் குழந்தையின்மையும் அதன் விளைவுகள். குழந்தை வரம் கேட்டுக் கோயில் கோயிலாக அலையும் தம்பதிகளில் சிலருக்கு, இருபது வயதில் கவனிக்காமல் விட்ட ஒரு தொற்றுதான் காரணம்.

கட்சிரோலியில் தொடங்கியது

ஊருக்குள் போய்க் கேட்கும் இந்த வழியை இந்தியாவில் திறந்தவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் பணியாற்றும் மருத்துவத் தம்பதி ராணி பங், அபய் பங். பழங்குடியினர் நிறைந்த அந்த மாவட்டத்தில் இரண்டு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களை அவர்கள் பரிசோதித்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்க்கவில்லை. தொந்தரவு இருக்கிறதோ இல்லையோ, 13 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்களையும் அழைத்தார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு பெண்நோய் அல்லது பாலியல் நோய் இருந்தது. அதற்கு முன் தங்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம்தான். 1989 ஜனவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளியானது. கிராமத்துப் பெண்ணின் உடல்நலம் என்றாலே பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும்தான் என்று இருந்த காலம் அது. ஊருக்குள் போய்க் கேட்ட பிறகுதான் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

ஊருக்குள் நுழையும் முன்

இத்தகைய ஆய்வை ஒருங்கிணைப்பவருக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது கடைசி வேலை. முதல் வேலை ஊரோடு பழகுவது. பஞ்சாயத்துத் தலைவர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஊழியர், மகளிர் சுய உதவிக் குழு, பள்ளித் தலைமை ஆசிரியர் என ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். ‘எங்க பிள்ளைகளைக் கெடுக்க வந்திருக்கீங்களா?’ என்று கேட்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களைத் தவிர்த்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகும் ஆய்வு பாதியில் நின்றுபோகும். தாய்மார் கூட்டத்தில் மாதவிடாய் வலியைப் பற்றியும் ரத்தசோகையைப் பற்றியும் பேசத் தொடங்கினால், அடுத்த கூட்டத்துக்கு மகள்களையும் அழைத்து வருவார்கள்.

யார் கேள்வி கேட்பது என்பதும் பெரிய விஷயம். அதே ஊர்க்காரர் கேட்டால் அந்த ஊர்ப் பெண் உண்மையைச் சொல்லமாட்டாள். நாளைக்குத் தெருக்குழாயடியில் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே. நகரத்திலிருந்து வந்து ஆங்கிலம் கலந்து பேசுபவரிடமும் சொல்லமாட்டாள். பக்கத்து ஊரைச் சேர்ந்த, அதே பேச்சுவழக்கு உள்ள இளம்பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புவதே நல்லது. சாதியும் இங்கே குறுக்கே நிற்கும். ஊர்த்தெருவில் மட்டும் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் காலனிப் பக்கம் போகாமல் திரும்பும் குழுக்கள் உண்டு. அவர்கள் கொண்டுவரும் கணக்கு பொய்க்கணக்கு.

பேசும் இடமும் நேரமும் அடுத்த சிக்கல். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் திண்ணையில் இருக்கும்போது எந்த மருமகள் பேசுவாள்? நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்ணை எந்த நேரத்தில் பிடிப்பது? அங்கன்வாடி பூட்டிய பிறகான மாலை, ஆள் இல்லாத மொட்டைமாடி என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விடை கிடைக்கும். அந்த விடையை ஊர்ப் பெண்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாயால் சொல்லத் தயங்குவதைச் சொல்லவைக்க நல்ல உத்திகள் வந்துவிட்டன. 2006-07இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் 50,000க்கும் மேற்பட்ட இளையோரிடம் பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. பாலுறவு பற்றிய கேள்விக்குப் பதிலை ஓர் அட்டையில் குறித்து, உறையில் போட்டு ஒட்டித் தரச் சொன்னார்கள். கேள்வி கேட்டவருக்கே பதில் தெரியாது. கர்நாடகத்தில் வாக்குச்சாவடி போல மறைப்பு வைத்து, ஒவ்வொருவரும் தன் பதிலைப் பெட்டியில் போடும் முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஊர் அளவில் எவ்வளவு பேர் என்று தெரியும். யார் என்று தெரியாது. இளையோரிடம் இதுபோல் கேட்பதே மரியாதை என்பது என் கருத்து.

ரகசியமும் சட்டமும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 18 வயதுக்குட்பட்டவரை ஆய்வில் சேர்க்கப் பெற்றோரின் அனுமதி வேண்டும். அதோடு அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். 12 வயதுக்கு மேல் என்றால் எழுத்தில். ‘அம்மா சரின்னு சொல்லிட்டாங்க, நீ உட்காரு’ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளை வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது.

இதைவிடக் கடினமானது போக்சோ சட்டம். 2012இல் வந்த அந்தச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தன் கவனத்துக்கு வந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. ஆய்வாளரும் இதற்கு விலக்கல்ல. வீட்டுக்குள் நடக்கும் கொடுமையிலிருந்து ஒரு சிறுமியைக் காப்பாற்றும் சட்டமே, பதினேழு வயதுக் காதலர்கள் மருத்துவமனைப் படியேறத் தயங்குவதற்கும் காரணமாகிறது. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று அளித்த தீர்ப்பில், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று சொன்னது. பெரிய ஆறுதல் அது. ஆனால் ஆய்வுக் களத்தில் நேரும் எல்லாச் சிக்கலுக்கும் அது தீர்வாகாது.

ஆகவே ‘நீ சொல்வது எதுவும் வெளியே போகாது’ என்று ஒருங்கிணைப்பாளர் வாக்குக் கொடுக்கக் கூடாது. எது ரகசியமாக இருக்கும், எதைச் சட்டப்படி சொல்லியாக வேண்டும் என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்து ஒரு பிள்ளையைப் பேசவைப்பது துரோகம். கொடுமைக்கு ஆளான பிள்ளை பேசினால் உடனே துணைநிற்க ஓர் ஆலோசகர், ஒரு மருத்துவர், குழந்தைகள் நலக் குழுவின் தொடர்பு ஆகியவை முதல் நாளிலிருந்தே தயாராக இருக்க வேண்டும்.

பையன்களை யார் கேட்கிறார்கள்?

இளம் ஆண்களின் பயங்கள் வேறு. தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் சுய இன்பமும் நரம்புத் தளர்ச்சியைத் தரும் என்று நம்பி, லாட்ஜுகளில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களிடம் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டுகிறார்கள். இரண்டும் நோயே அல்ல. உண்மையான நோயான சிறுநீர்க்குழாய்த் தொற்றுக்கும் புண்ணுக்கும் மருந்துக் கடையில் கேட்டு நாலு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். பாலுறவால் பரவிய தொற்றுக்கு மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்து, கணவனை விட்டுவிட்டால் அவளுக்கு மறுபடியும் தொற்றும். பையன்களைக் கேட்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

முடிவு ஊருக்குத் திரும்ப வேண்டும்

தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 2014 ஜனவரி 7 அன்று தொடங்கப்பட்டது. 10 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் தனி ஆலோசனை மையங்கள், ஆலோசகர்கள், சக வயது வழிகாட்டிகள் எல்லாம் அதில் உண்டு. ஏட்டில் நல்ல திட்டம். ஆனால் பள்ளி நடக்கும் நேரத்தில் திறந்து பள்ளி விடும் முன் மூடும் மையத்துக்கு மாணவி எப்படிப் போவாள்? புறநோயாளிகள் வரிசையில் எதிர்வீட்டு அத்தை நிற்கும்போது, ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று உரக்கக் கேட்டால் மறுபடி வருவாளா? இவற்றை ஆட்சியரிடமும் மருத்துவ அலுவலரிடமும் எண்ணிக்கையோடு எடுத்துச் சொல்ல ஊர் ஆய்வு உதவும். ஆய்வுக்கட்டுரை இதழில் வருவதற்கு முன்பே கிராம சபையில் பெயர்கள் இல்லாமல் அதன் முடிவுகள் வாசிக்கப்பட வேண்டும். ரத்தமும் சிறுநீரும் எடுத்துப்போய் முடிவைச் சொல்லாமல், மருந்தும் கொடுக்காமல் விட்டுப்போகும் குழுவை ஊர் மறுமுறை உள்ளே விடக் கூடாது.

உங்கள் ஊருக்கு ஆய்வுக் குழு வந்தால்

பயந்து கதவைச் சாத்தாதீர்கள்; கேள்வி கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? என் மகளிடம் பேசப்போவது பெண்தானா? நோய் இருப்பது தெரிந்தால் மருத்துவம் யார் தருவார்கள், செலவு யாருடையது? வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாமா? முடிவை எப்போது வந்து சொல்வீர்கள்? இவற்றுக்கு நேரான பதில் தருபவர்களிடம் உங்கள் பிள்ளைகளைப் பேச அனுமதியுங்கள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று பிறகு வீட்டில் துருவாதீர்கள்.

ஆய்வுக் குழு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவுகளில் மருந்து இலவசம். நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் இலவசம். உடல்நலச் சந்தேகங்களுக்குத் தமிழ்நாட்டில் 104, ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098, எச்.ஐ.வி., பால்வினைத் தொற்று பற்றிக் கேட்க 1097. மூன்றுக்கும் கட்டணம் கிடையாது.