சிலிண்டர் வாஷருக்கு எண்ணெய் போடாதீர்கள்

பெங்களூருவின் பொம்மசந்திரா தொழிற்பேட்டையைச் சுற்றி, ஹெப்பகோடியிலும் யாரண்டஹள்ளியிலும் வரிசை வீடுகளில் தங்கி வேலைக்குப் போகும் நம்மவர்கள் பலருக்குச் சமையலறை என்பது கதவோரம் ஓர் அடுப்பு மேடை மட்டும்தான். ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம். அந்த அறையில் புது சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டியதும் 'உஸ்' என்று சத்தம் வந்தால், பெரும்பாலும் கோளாறு வால்வுக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தில்தான். வாஷர் என்று நாம் சொல்லும் அந்த ஓ-ரிங், ரெகுலேட்டரின் மூக்கை இறுக்கிப் பிடித்துக் கேஸை அடைக்கிறது. ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகும் கசிந்தால் வால்வின் ஊசியே சரியில்லை. அது இன்னும் ஆபத்து.

கடலுக்குள் மூழ்குபவர்கள் தங்கள் காற்று சிலிண்டரின் ஓ-ரிங்கைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகப் பூசிக்கொள்வார்கள். பயிற்சி பெற்றவர்கள் தங்கள் கருவிக்குச் செய்யும் பராமரிப்பு அது. சமையல் கேஸில் அந்த வேலை நம்முடையதல்ல. தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவினால் வெடித்த ரப்பர் ஒட்டாது. ஊக்கால் நோண்டி, காலி சிலிண்டரின் வளையத்தை எடுத்துப் போடும் சாமர்த்தியமும் வேண்டாம்.

சிலிண்டர் கொண்டுவருபவர் உங்கள் வாசலிலேயே எடையும் கசிவும் பார்த்துக் கொடுக்க வேண்டும். "பார்த்துட்டுக் குடுங்கண்ணே" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம், அது உங்கள் உரிமை. கசிந்தால் வாங்க மறுக்கலாம். கைப்பிடித் தகட்டின் உட்புறம் 'ஏ-27' போல எழுதியிருப்பதையும் பாருங்கள்: 2027 ஜனவரி முதல் மார்ச்சுக்குள் மறுசோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர் என்று பொருள். தேதி கடந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இரவில் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், ஃபேனையும் போடாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, நூலில் தொங்கும் பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் போட்டு, கதவைத் திறந்து வெளியே வந்த பின் 1906-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் எண் அது. ஏஜென்சி அலட்சியம் காட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

விபத்து நடந்துவிட்டால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீடு உண்டு; பிரீமியம் நாம் கட்டுவதில்லை. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவான முகவரியில் உள்ள வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. ஆனால் சந்துக்கடையில் கள்ளத்தனமாக நிரப்பிய குட்டி சிலிண்டருக்கு இதில் எதையும் எதிர்பார்க்க முடியாது. வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்கள்தான் அங்கே போகிறார்கள். அவர்களுக்காகவே 2013-இல் பெங்களூரு உள்ளிட்ட பெருநகரங்களில் 5 கிலோ சிலிண்டர் விற்பனைக்கு வந்தது. அடையாள அட்டை ஒன்று போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். அதையும் கசிவு பார்த்தே வாங்குங்கள்.