பிரிஞ்சி இலையும் ‘லாரல்’ என்னும் பெயரும்

வங்கத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், கடைக்காரர் ‘தேஜ்பாதா’ என்று கட்டித் தரும் இலையைக் கண்டு, “இது நம் ஊர்ப் பிரிஞ்சி இலைதானா?” என்று ஒரு முறையேனும் ஐயுறாத தாய்மார் சிலரே. ஐயம் வேண்டா, இரண்டும் ஒன்றே. வடமொழியில் இதனைத் தமாலபத்திரம் என்பர். இமயமலைச் சரிவுகளிலும் வடகிழக்கு மலைகளிலும் வளரும் மரத்தின் இலை இது. 2016-ஆம் ஆண்டில் உத்தராகண்ட் மாநிலத்துத் தேஜ்பாத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

குழப்பம் வேறிடத்தில் உள்ளது. ஆங்கிலச் சமையற் புத்தகங்கள் ‘பே லீஃப்’ என்று குறிப்பது மத்தியதரைக் கடற்பகுதிக்குரிய லாரல் மரத்தின் இலையை. பண்டைக் கிரேக்கத்தில் டெல்ஃபி நகர விளையாட்டுகளில் வென்றோர்க்குச் சூட்டிய மாலை இம்மரத்தினுடையதே. (ஒலிம்பியாவில் சூட்டியது ஒலிவ இலை, பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றனர்.) இவ்விரு இலைகளையும் பிரித்தறிவது எளிது. நம் பிரிஞ்சி இலையில் அடிப்புறத்திலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் நீளமாக ஓடும். லாரல் இலையில் நடுநரம்பு ஒன்றே. அதனின்று சிறு நரம்புகள் இருபுறமும் பிரியும். மணமும் வேறு. முன்னது இலவங்கப்பட்டையையும் கிராம்பையும் நினைவூட்டும்; பின்னது ஏறக்குறையத் தைல மரத்தின் வாடை.

எனினும் இரண்டும் ஒரே குலத்தன. இலவங்கப்பட்டை, கற்பூர மரம், வெண்ணெய்ப் பழம் ஆகியனவும் அக்குலமே. நம் கறிவேப்பிலையோ எலுமிச்சையின் குலம். ஆகவே, கறிவேப்பிலை கிடைக்காத நாளில் பிரிஞ்சி இலையைத் தாளித்தால் ரசம் ரசமாகாது! கிறிஸ்து பிறந்த முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், முசிறித் துறையிலிருந்து ஏற்றுமதியான சரக்குகளுள் ‘மாலபத்ரம்’ என்னும் இலையையும் கூறுகிறது. தமாலபத்திரம் என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர் அறிஞர்.

சமையலில் இலையைச் சூடான நெய்யில் முதலிலேயே இட்டால்தான் மணம் இறங்கும். பிரிஞ்சி சாதத்தை நாம் அறிவோம். வங்காளிகள் பாயசப் பாலிலும் ஓர் இலையைப் போட்டுக் காய்ச்சுகின்றனர். நம் வீடுகளிலும் செய்து பார்க்கத் தக்கது. பரிமாறுமுன் இலையை எடுத்துவிட வேண்டும். எவ்வளவு வெந்தாலும் அது மெத்தென்றாகாது. குழந்தைகளின் தொண்டையில் சிக்கும். பறித்த இலையை நிழலில் உலர்த்துக. வெயிலில் நிறமும் மணமும் போய்விடும். இங்குள்ள வீட்டுத் தோட்டங்களில் இம்மரம் நன்றாகவே வளர்கிறது. செந்நிறத் தளிர் கண்ணுக்கு இனிது. வேரில் நீர் தேங்குதல் மட்டும் ஆகாது.

‘லாரல்’ என்ற பெயரை நம்பி ஏமாறலாகாது என்பதே நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. நம் கடற்கரைப் புன்னைக்கு ஆங்கிலத்தில் ‘அலெக்சாண்ட்ரியன் லாரல்’ என்று பெயர். அதன் எண்ணெய் விளக்குக்கு ஆகும், உணவுக்கு ஆகாது. ‘இந்தியன் லாரல்’ என்பது கருமருது. மருந்தூட்டி ரயில் பாதைக் கட்டைகளாக முன்னாளில் இட்ட மரங்களுள் ஒன்று. ‘செர்ரி லாரல்’ இலையோ கசக்கினால் சயனைடு நஞ்சு வெளிப்படும் இலை. அரளிக்கும் ‘ரோஸ் லாரல்’ என்றொரு பெயருண்டு. ரயில்வே குடியிருப்புகளின் வேலியோரங்களில் அரளி செழித்து நிற்பதை யார்தான் காணவில்லை? அதன் நீண்ட, தடித்த இலை உலர்ந்த பின் பார்வைக்கு மணப்பொருள் போலவே தோன்றும். உலர்த்தினாலும் வேகவைத்தாலும் நஞ்சு நீங்காது. அது இதயத் துடிப்பையே குலைப்பது.

“வேலியோரம் போய் இலை பறித்து வா” என்று சிறுவரை அனுப்பும் வழக்கம் நம் ஊரில் கறிவேப்பிலைக்குப் பொருந்தும். இங்கே அது வேண்டா. மூன்று நரம்பைக் காட்டி, கசக்கி முகரச் செய்து, பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுக. ஐயமான இலையை எவரேனும் உண்டுவிட்டால், கைவைத்தியம் பார்த்துக் காலம் போக்காமல், அவ்விலையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைக.