கெட்டும் பட்டணம் சேர்

“கெட்டும் பட்டணம் சேர்” என்பது நம் நாட்டுப் பழமொழி. கைப்பொருளை இழந்து நிற்பவனை நோக்கி, உறவினர் வீட்டுக்குப் போ என்று நம் முன்னோர் கூறவில்லை. பட்டணத்துக்குப் போ என்றனர். ஏன்? பட்டணத்தில் வேலை கிடைக்கும் என்று எளிதாக விடை கூறிவிடலாம். ஆனால் வேலை மட்டும்தான் காரணமா? நகர வாழ்வு மனித மனத்தை ஈர்ப்பதற்கு அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. நம் சேலம் மாநகரைக் கொண்டே அதனைச் சிந்தித்துப் பார்ப்போம்.

எங்கள் வகுப்பில் பலர் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். விடுமுறைக்கு ஊருக்குச் சென்று பேருந்தை விட்டு இறங்கியதும், “யாரூட்டுப் புள்ள அம்மிணி நீ?” என்ற கேள்வி எழும். அக்கேள்வியில் அன்பு நிறைந்திருக்கிறது. நமக்குக் காய்ச்சல் என்றால் கஷாயத்துடன் ஓடி வருபவரும் அதே பாட்டிதான். ஆனால் அன்பான அந்தக் கேள்வியே சில வேளைகளில் வேலியாகவும் மாறிவிடுகிறது. எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தத் திண்ணையில் அமரலாம், பெண் பிள்ளை எதுவரை படிக்கலாம் என்பவை எல்லாம் அதன் விடையைப் பொறுத்தே முடிவாகின்றன அன்றோ!

சேலத்துப் பேருந்து நிலையத்தில் இறங்குபவரை அவ்வாறு யாரும் கேட்பதில்லை. நடத்துநர் போகும் இடத்தைக் கேட்கிறார். நூலகர் வேண்டிய புத்தகத்தைக் கேட்கிறார். நாம் யார் வீட்டுப் பிள்ளை என்பது பின்னால் போய், நாம் என்ன செய்ய விரும்புகிறோம் என்பது முன்னால் வருகிறது. நகரத்தின் ஈர்ப்பு இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

செவ்வாய்ப்பேட்டை என்னும் பெயரே செவ்வாய்க்கிழமைச் சந்தையால் வந்தது என்பர். சந்தை என்பது யாது? முன்பின் அறியாதவர்கள் ஒருவரை ஒருவர் நம்பிக் கொடுத்து வாங்கும் இடம். நகரத்தின் வித்து அதுவே. 1862-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை இருப்புப்பாதை நிறைவுற்றபோது அப்பாதையில் அமைந்த சேலம், மேலும் பல அயலாரை வரவேற்றது. 1866-இல் நகராட்சியாகி, 1994-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் இந்நகரில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

நகரம் மனிதரை மாற்றும் என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்த இராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றி, 1917-இல் நகராட்சித் தலைவரானார். 1919 வரை நீடித்த அவருடைய பதவிக் காலத்தில், ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக அந்நகராட்சியின் உறுப்பினரானார். எந்தத் தெருவில் நடக்கலாம் என்று தடுக்கப்பட்டு வந்த மக்களில் ஒருவர், தெருக்களைப் பற்றி முடிவெடுக்கும் மன்றத்திலேயே அமர்ந்தார்! 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் மற்றொரு சான்று. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’, 1938-இல் தமிழ் பேசும் இந்நகரத்து நிறுவனத்தால் எடுக்கப்பட்டது. மொழி வேறானோரும் கூடித் தொழில் செய்ய நகரம் இடம் தந்தது.

இடைக்கால ஜெர்மனியின் பல நகரங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பண்ணையடிமையாக இருந்தவர் தப்பி வந்து, நகரத்தில் ஓராண்டும் ஒரு நாளும் வாழ்ந்துவிட்டால் அவர் விடுதலை பெற்றவராகக் கருதப்படுவார். நம் பழமொழியின் பொருளும் ஏறத்தாழ இதுவே.

இந்தியாவின் உயிர் கிராமங்களில் இருக்கிறது என்று காந்தியடிகள் கருதினார். அண்ணல் அம்பேத்கரோ, 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமம் குறுகிய மனப்பான்மைக்கும் அறியாமைக்கும் இருப்பிடம் என்னும் கருத்துப்படப் பேசினார். இருவரில் யார் சொல்வது சரி? கஷாயம் கொண்டு வரும் பாட்டியை நினைத்தால் காந்தியடிகள் பக்கம் சாய்கிறோம். வேலியை நினைத்தால் அம்பேத்கர் பக்கம் சாய்கிறோம்.

நகரத்திலும் குறை இல்லாமல் இல்லை. வாடகைக்கு வீடு தேடும்போது, “நீங்கள் யார்?” என்ற பழைய கேள்வி இங்கும் தலைகாட்டுகிறது. மேலும், நம்மை யாரும் அறியார் என்பது விடுதலை தருவது போலவே பொறுப்பின்மையையும் தருகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்து வயல்களைக் கடந்து காவிரியில் கலக்கிறது. நகரத்துச் சாக்கடையையும் சாயக் கழிவையும் அது சுமந்து செல்வதைக் கண்டிருக்கிறோம். யாரோ கொட்டியது, யாருக்கோ போகிறது என்று நாம் நினைக்கிறோம். அந்த ‘யாரோ’ எங்கள் தோழியரின் பெற்றோர். ஆற்றின் கீழ்ப்பகுதியில் உழவு செய்பவர்கள். அறியாதவரையும் அயலாராக எண்ணி அன்பு செய்தால்தான் நகரம் உண்மையில் நகரமாகும்.

சென்ற ஆண்டு எங்களுக்கு மூத்த வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற அக்கா ஒருவர், பத்தாம் வகுப்புடன் ஊருக்கு அழைத்துக்கொள்ளப்பட்டார். பட்டணம் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று வீட்டில் அஞ்சினார்களாம். விடுதியில் அவருடைய கட்டிலில் இப்போது வேறொரு சிறுமி உறங்குகிறாள். இவ்வாண்டு தேர்வு முடிந்ததும் எங்களில் யார் யார் திரும்பி வருவோம் என்பது எங்களுக்கே தெரியாது.

அன்புள்ள பெற்றோர்களே! உங்கள் அச்சம் அன்பினால் பிறந்தது என்பதை அறிவோம். ஆயினும் கெட்டவரையே பட்டணத்துக்கு அனுப்பிய நம் முன்னோர், கற்க விரும்பும் மகளைத் தடுப்பார்களா? நீங்கள் தந்த நல்லொழுக்கத்தை எங்கள் பெட்டியில் துணிமணிகளோடு எடுத்து வந்திருக்கிறோம். பாட்டியின் அன்பை நகரத்துக்குக் கொண்டுவருவோம். நகரத்தின் திறந்த மனத்தை ஊருக்குக் கொண்டுசெல்வோம்.

விவிலியம் ஏதேன் தோட்டத்தில் தொடங்கி, வாயில்கள் அடைபடாத ஒரு நகரத்தில் நிறைவடைகிறது என்று மறைக்கல்வி வகுப்பில் கற்றோம். நம் நகரத்தின் வாயிலும், நம் வீட்டின் வாயிலும் அவ்வாறே திறந்திருப்பதாக!

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘அ’ பிரிவு