இலண்டனில் ஓர் ஐப்பசி

உயர்தர வகுப்பிலே நவீன கவிதையைக் கற்பிக்கும்போது பல ஆண்டுகளாக நான் கரும்பலகையில் எழுதிவந்த ஒரு குறிப்பு உண்டு: ‘இலையுதிர்காலம் – பிரிவு, முதுமை, இழப்பு என்பவற்றின் குறியீடு.’ மாணவர் அதனை அப்படியே கொப்பியில் எழுதினர், அப்படியே விடைத்தாளிலும் எழுதினர், புள்ளியும் பெற்றனர். ஆங்கில இலக்கியத்தையும் ஒரு பாடமாகப் பயின்ற மாணவன் ஒருவன் மாத்திரம் ஒருநாள் எழுந்து, “சேர், கீற்ஸ் பாடின இலையுதிர்காலத்தில ஒரு இலையும் விழேல்லையே?” என்று கேட்டான். “அது வேற பாடம். நீ இதைப் படி” என்று அவனை இருத்திவிட்டேன். அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை என்பதே உண்மை. அந்தப் பருவத்தை நான் அதுவரை கண்டதும் இல்லை.

சில ஆண்டுகளின் பின்னர், அக்கா குடும்பத்தினரைப் பார்ப்பதற்காக ஓர் ஐப்பசி மாதத்தில் இலண்டன் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. அந்நகரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கோடையையே தெரிவுசெய்வர். பாராளுமன்ற மணிக்கூண்டு, தேம்ஸ் நதி, கோபுரப் பாலம், அரண்மனை வாயில் என்பவற்றைச் சுற்றிப் பார்ப்பதற்கு நீண்ட பகலே வசதியானது. எனினும் இலக்கியம் படிப்போருக்கு ஒக்டோபர் பிற்பகுதியும் நவம்பர் முற்பகுதியுமே ஏற்றவை என்று நான் சொல்வேன். ஏனெனில், நாம் சொல்லாக மட்டுமே அறிந்த ஒரு பருவத்தை அங்கே பொருளாகக் காணலாம்.

முதலில் நம்மைத் தாக்குவது இலை அன்று, ஒளி. நமது நாட்டிலே சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே மறைகிறது. இலண்டனோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐம்பத்தொரு பாகைக்கும் அப்பால் உள்ளது. அங்கே ஐப்பசியில் பகல் நாளுக்கு நாள் குறுகுவதைக் கண்ணாலேயே காணலாம். ஒக்டோபர் மாதத்தின் இறுதி ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்னோக்கித் திருப்புவர். “இண்டைக்கு ஒரு மணித்தியாலம் கூட நித்திரை கொள்ளலாம், நாளைக்கு நாலரைக்கே இருட்டிப் போடும்” என்றார் அத்தான். அவர் சொன்னவாறே மறுநாள் தேநீர் வேளையிலேயே தெருவிளக்குகள் எரிந்தன.

இலைகள் நிறம் மாறுவதற்கும் இந்த ஒளிக்குறைவே முதற்காரணம். பகல் சுருங்கி, குளிர் ஏறும்போது, இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையம் சிதைகிறது. இலையிலுள்ள பயனுள்ள சத்துக்களை, குறிப்பாக நைதரசனை, மரம் தன் கிளைக்கும் தண்டுக்கும் மீட்டுக்கொள்கிறது. பச்சை விலகவே, அதுவரை அதன் கீழ் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்பின் கதை வேறு. அது இலையில் எஞ்சியிருக்கும் சர்க்கரையிலிருந்து அக்காலத்திலே புதிதாக உண்டாவது. பின்னர் காம்பின் அடியில் ஒரு மெல்லிய படை உருவாகி இலையைக் கிளையிலிருந்து பிரித்துவிடுகிறது. நாம் நினைப்பதுபோல் காற்று வந்து இலையைப் பறிப்பதில்லை. மரமே கணக்குப் பார்த்து விடைகொடுத்த பின்னரே காற்று வருகிறது.

நகரின் தெருக்களிலும் சதுக்கங்களிலும் அதிகம் காணப்படுவது ‘இலண்டன் பிளேன்’ என்னும் மரமாகும். கீழைத்தேய இனமொன்றும் அமெரிக்க இனமொன்றும் கலந்து பிறந்த கலப்பினம் இது. நிலக்கரிப் புகை நகரை மூடியிருந்த காலத்திலும் இது தாக்குப்பிடித்தது. பட்டை செதில் செதிலாக உரிந்து விழும் இயல்புடையது. பேர்க்லி சதுக்கத்தில் 1789ஆம் ஆண்டளவில் நட்ட பிளேன் மரங்கள் இன்றும் நிற்கின்றன. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டிலே நட்ட மரத்தின் சருகை மிதித்துக்கொண்டு மக்கள் இன்று அலுவலகம் செல்கின்றனர்.

நான் சென்று காண விரும்பியது நகரின் வடபுறத்து மேட்டிலுள்ள ஹாம்ப்ஸ்டெட் ஆகும். சுரங்கப் புகையிரதத்தில் அங்கு செல்லலாம். அந்நிலையமே இலண்டன் சுரங்கப்பாதை நிலையங்களில் மிக ஆழமானது. தரைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 58 மீற்றர் கீழே உள்ளது. மின்தூக்கியில் மேலே வந்து, செங்கல் வீடுகளினூடே இறங்கி நடந்தால் ஜோன் கீற்ஸ் வாழ்ந்த வீட்டை அடையலாம். 1925இல் இருந்து அது நூதனசாலையாக உள்ளது.

கீற்ஸ் 1795இல் இலண்டனிற் பிறந்தவர். கைஸ் வைத்தியசாலையில் பயின்று, மருந்தாளராகப் பணிபுரிவதற்கான அனுமதியை 1816இல் பெற்றவர். அத்தொழிலைக் கைவிட்டுக் கவிதையைத் தெரிந்துகொண்டார். தம்பி ரொம் காசநோயால் 1818 டிசம்பரில் இறந்த பின்னரே இவ்வீட்டுக்கு வந்தார். மறு ஆண்டு வசந்தத்தில், இதன் முற்றத்திலிருந்த பிளம்ஸ் மரத்தின் கீழமர்ந்து குயிலிசைப் பறவையைப் பற்றிய புகழ்பெற்ற பாடலை எழுதினார் என்று உடன் வாழ்ந்த நண்பர் பிரௌன் எழுதிவைத்துள்ளார். 1820 பெப்ரவரியில், குளிரிரவில் கோச்சு வண்டியின் வெளியாசனத்தில் அமர்ந்து வந்த கீற்ஸ், இவ்வீட்டிலேதான் முதன்முதலில் இரத்தம் துப்பினார். மருத்துவம் படித்தவராகையால் அதன் பொருள் என்னவென்பதை எவரும் சொல்லாமலே உணர்ந்தார். மறு ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி உரோமாபுரியில் மறைந்தபோது அவருக்கு வயது 25. அங்குள்ள அவரது கல்லறையில் அவர் பெயர் இல்லை.

இவற்றுக்கெல்லாம் நடுவே, 1819 செப்டெம்பர் 19ஆம் திகதி, வின்செஸ்டர் என்னும் சிறுநகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உலாவிவிட்டு வந்து எழுதியதே அவரது இலையுதிர்காலப் பாடல். முப்பத்துமூன்று அடிகள், மூன்று பகுதிகள். என் மாணவன் சொன்னது சரி. அப்பாடலில் ஓர் இலைகூட உதிரவில்லை. முதற் பகுதியில் கனி பழுக்கிறது. இரண்டாம் பகுதியில் களஞ்சியமும் கதிரறுப்பும் வருகின்றன. மூன்றாம் பகுதியில் அறுத்த வயலின் மேல் மாலையொளி படர, சிறு பூச்சிகளும் பறவைகளும் ஒலிக்கின்றன. இறப்பின் நிழல் அதில் இல்லையென்று சொல்வதற்கில்லை. அறுவடை முடிந்த வயலில் அது கிடக்கிறது. ஆயினும் கவிஞர் காட்டுவது இழந்தவனின் வெறுமையை அன்று, விளைந்தபின் வரும் நிறைவையே.

ஒரு விளைச்சல் அக்காலத்தவருக்கு எத்துணைப் பெரிய செய்தி என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துப் புழுதியால் வானை மூடியது. அதனால் 1816இல் ஐரோப்பா கோடையே இல்லாத ஓர் ஆண்டைக் கண்டது, பயிர் பொய்த்தது. 1819 ஓகஸ்ட் 16ஆம் திகதி மான்செஸ்டரில் அரசியற் சீர்திருத்தம் கேட்டுத் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கூட்டத்தின் பேச்சாளரான ஹென்றி ஹன்ற் இலண்டனுக்கு வந்தபோது தெருவெங்கும் திரண்ட மக்களைக் கீற்ஸ் நேரிற் கண்டார். ஒரு வாரத்துக்குள் இப்பாடல் பிறந்தது. பசியறிந்த நாட்டில் நிறைந்த களஞ்சியத்தைப் பாடுவது வெறும் இயற்கை வருணனை ஆகாது.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. ஆங்கிலேயர் இப்பருவத்துக்கு முற்காலத்தில் வழங்கிய பெயரே ‘அறுவடை’ என்பதுதான். இலத்தீன் மூலத்திலிருந்து வந்த ‘ஓற்றம்’ என்னும் சொல் பின்னரே நிலைபெற்றது. ‘உதிர்வு’ என்ற பொருளுடைய பெயரும் இங்கிலாந்தில் வழங்கி, அமெரிக்காவில் நிலைத்தது. மக்கள் வயலை விட்டு நகரங்களுக்குப் பெயர, அறுவடை என்னும் சொல் பருவப்பெயராக வழங்குவது குன்றியது என்பர். நகரத்தில் அறுவடை இல்லை. இலை மட்டுமே உண்டு. இலண்டன் பூங்காவிலே நாம் காண்பது அப்பருவத்தின் பாதியைத்தான். தமிழில் ‘இலையுதிர்காலம்’ என்று மொழிபெயர்த்தபோது அந்தப் பாதியையே நாம் எடுத்துக்கொண்டோம்.

தமிழ் மரபு வகுத்த பெரும்பொழுதுகள் ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இவற்றுள் இலை உதிர்வதால் பெயர்பெற்ற பருவம் ஒன்றுமில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்காலம். நக்கீரரின் நெடுநல்வாடை காட்டும் மழையும் வாடையும் அக்காலத்துக்குரியவை. அங்கே இலை கொட்டும் அதே மாதங்களில் வடக்கிலே நமது வயல்கள் மழை கண்டு பச்சை பிடிக்கின்றன. நமது அறுவடை தையில். நமது வேம்பு இலை கொட்டுவதோ மாசி பங்குனியில். சங்கப் புலவர் இலையற்ற கிளையை ‘உலவை’ என்றனர். அதனை அவர்கள் நிறுத்திய இடம் பாலை. அதற்குரிய காலம் வேனில். பிரிவுக்கும் இலையற்ற மரத்துக்கும் நம்மிடம் உள்ள உறவு வெயிலில் விளைந்தது, குளிரில் அன்று.

இதனை எனக்குத் தெளிவாக்கியவள் அக்காவின் இளைய மகள். அவளுக்கு வயது பத்து. ஹாம்ப்ஸ்டெட் வெளியிலுள்ள பாராளுமன்ற மேட்டில் நின்று, தூரத்தே சென் போல் தேவாலயத்தின் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கை நிறையச் சருகு வைத்திருந்தவள், “மாமா, யாழ்ப்பாணத்தில எப்ப இலை விழும்?” என்று கேட்டாள். பங்குனியில் என்றேன். “அப்ப அங்க குளிர் இல்லையே. பிறகு ஏன் விழுது?”

வெயிலில் நிலம் வறண்டுவிடும். இலை வழியே நீர் ஆவியாகிப் போகும். நீரைக் காப்பதற்காக மரம் இலையைக் கழற்றும் என்று விளக்கினேன். சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. குளிர்நாட்டு மரத்துக்கும் அதுவே ஒரு காரணம். மாரியில் மண் குளிர்ந்து உறையும்போது வேரால் நீரை எடுக்க இயலாது. அங்கே பனி செய்வதை இங்கே வெயில் செய்கிறது. இரண்டு மரங்களுக்கும் தாகம் ஒன்றே.

திரும்பும் வழியில் ஹைகேற் மேட்டிலுள்ள முருகன் கோயிலுக்குச் சென்றோம். கந்தசஷ்டிக் காலமாதலால் நல்ல கூட்டம். வாசலில் கழற்றிய சப்பாத்துகளின் அடியில் ஈரச் சருகுகள் ஒட்டியிருந்தன. அடுத்த வாரம் தமிழ் வகுப்பில் ‘இலையுதிர்காலம்’ பற்றிக் கட்டுரை எழுதவேண்டும் என்றாள் மருமகள். எனக்கு இரவற் சொல்லாக இருந்தது அவளுக்குச் சொந்தச் சொல். அவளுக்கு விளக்கம் தேவைப்படுவது கார்காலத்துக்கும் கூதிருக்கும்தான். ஆகவே அச்சொல்லைப் பிழையென்று தள்ளுவதற்கில்லை. எந்த மண்ணிலிருந்து, யார் சொல்கிறார் என்பதைக் கேட்காமல் அதற்குப் பொருள் எழுதியதே நான் செய்த பிழை.

இப்போது என் குறிப்பில் அந்த வரி இல்லை. அதற்குப் பதிலாக மாணவரிடம் மூன்று வினாக்களைக் கேட்கிறேன்: இது எந்த நாட்டு மரம்? அந்த மாதத்தில் அங்கே வயலில் என்ன நடக்கிறது? நமது வேம்பு அப்போது எப்படி நிற்கிறது? விடைகளை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். முதன்முதலில் அக்கேள்வியைக் கேட்டவன் மட்டும் இன்று என் வகுப்பில் இல்லை.