இரண்டு நாட் கொடை

கொடை என்றவுடன் பொருட்கொடையே பலருடைய நினைவுக்கு வரும். பசித்தவர்க்கு உணவளித்தலும், கல்விச்சாலைக்கு நிலம் வழங்கலும், மருத்துவமனைக்குப் பொருள் ஈதலும் உயர்ந்த அறங்களே. ஆயினும், கொடுப்பதற்குப் பொருள் இல்லாதவரும் கொடையாளர் ஆகலாம். தச்சர் தம் கைத்திறனைக் கொடுக்கலாம். ஆசிரியர் தம் ஓய்வு நேரத்தைக் கொடுக்கலாம். இக்காலத்தில் கணினித்தொழில் வல்லாரும் தம் திறனைக் கொடையாக வழங்கி வருகின்றனர். தொண்டு நிறுவனங்களுக்கு வார இறுதியில் கட்டணமின்றி இணையதளம் அமைத்துத் தரும் பணி அத்தகையது.

இப்பணி பல நாடுகளில் பல வடிவங்களில் நடைபெறுகின்றது. அவற்றுள் ஒன்று, அமெரிக்க நாட்டின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள டல்லாஸ் நகரில் 2007ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்குக் ‘கிவ்கேம்ப்’ என்று பெயரிட்டனர். ‘கொடை முகாம்’ என்பது அப்பெயரின் பொருளாகும். பின்னர் அந்நாட்டின் வேறு பல நகரங்களிலும் இத்தகைய முகாம்கள் கூட்டப்பெற்றன.

சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு இவ்வுதவி ஏன் தேவைப்படுகின்றது? உணவு வங்கி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விலைபோகாமல் எஞ்சும் உணவுப் பொருள்களைத் திரட்டி வறியோர்க்கு வழங்கும் நிலையமே உணவு வங்கி. இம்முறையை 1967ஆம் ஆண்டில் ஆரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கினார். இத்தகைய நிலையம் தன் பொருளையெல்லாம் உணவுக்கும் வண்டிச் செலவுக்குமே ஒதுக்க விரும்பும். தொழில்முறையில் இணையதளம் அமைத்துத் தருவோர்க்கு ஊதியம் அளிக்க அதனால் இயலாது. ஆனால், உணவு நாடுவோரும், பொருள் தருவோரும், தொண்டு செய்ய முன்வருவோரும் அந்நிலையத்தைப்பற்றி இணையத்தின் வாயிலாகவே அறிய முற்படுகின்றனர். இவ்விடர்ப்பாட்டை நீக்கவே கொடை முகாம் கூடுகின்றது.

முகாமிற்குச் சில வாரங்களுக்கு முன்பே உதவி வேண்டும் நிறுவனங்கள் விண்ணப்பம் அனுப்புகின்றன. இரண்டு நாளில் முடிக்கத்தக்க பணிகளை அமைப்பாளர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். வெள்ளிக்கிழமை மாலை தொண்டர்கள் ஓரிடத்தில் கூடுகின்றனர். நிரல் எழுதுவோர், பக்கங்களை வடிவமைப்போர், செய்திகளைத் திருத்தி எழுதுவோர் எனப் பல திறத்தாரும் அவர்களுள் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குழு அமைகின்றது. நிறுவனத்தின் பொறுப்பாளரும் அக்குழுவுடன் அமர்ந்து தமக்கு வேண்டியவற்றை எடுத்துரைக்கின்றார். சனிக்கிழமை முழுதும் வேலை நடைபெறுகின்றது. சிலர் இரவிலும் உறங்காது உழைக்கின்றனர். உணவும் தேநீரும் கொணர்ந்து அவர்களைப் பேணுவோரும் தொண்டரே. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அனைவரும் ஒருங்கு கூட, ஒவ்வொரு குழுவும் தான் செய்து முடித்ததைக் காட்டுகின்றது.

இணையதளத்தை ஒரு வீட்டுக்கு ஒப்பிடலாம். வீட்டுக்கு நிலமும், முகவரியும், அறைகளும் வேண்டும். தளத்தின் பக்கங்களைச் சேமித்து வைத்துக் கேட்போர்க்கு அனுப்பும் கணினியே அதன் நிலம். அதனை வழங்கி என்பர். தளத்தின் பெயரே அதன் முகவரி. அம்முகவரியை விலைக்கு வாங்கி என்றென்றும் வைத்துக்கொள்ள இயலாது. குறித்த காலத்துக்கு ஒருமுறை பணம் செலுத்திப் புதுப்பித்தல் வேண்டும். தவறினால் பிறர் அதனை எடுத்துக்கொள்ளவும் கூடும். எழுத்தும் படமும் அமைந்த பக்கங்களே அறைகள்.

இத்தனையையும் இரண்டே நாளில் அமைத்தல் எவ்வாறு இயலும்? தொண்டர்களின் விரைவு மட்டும் அதற்குக் காரணமன்று. முன்னோர் சிலர் செய்த கொடையும் காரணமாகும். 1989ஆம் ஆண்டில் ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர், உலகளாவிய வலையை அமைக்கும் திட்டத்தை முன்மொழிந்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாளில் செர்ன் நிலையம் அம்முறையை உலகத்தார் யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. 2003ஆம் ஆண்டில் வேர்டுபிரஸ் என்னும் மென்பொருள் வெளிவந்தது. நிரல் எழுத அறியாதவரும் தம் தளத்தில் செய்திகளைத் தாமே எழுதவும் மாற்றவும் அது வழி செய்தது. அதனையும் எவரும் விலையின்றிப் பெறலாம். உலகின் பல பகுதிகளில் வாழும் தன்னார்வலர்கள் அதனைச் செப்பனிட்டு வருகின்றனர். ஆகவே, இரண்டு நாள் உழைப்புக்குப் பின்னே பல்லாண்டு உழைப்பு நிற்கின்றது.

இனி, இக்கொடையில் ஓர் இடர் உண்டு. குழுவிலுள்ள திறமை மிக்க இளைஞர் ஒருவர் எங்கும் காணாத புதுமைகளைச் செய்ய விரும்புதல் இயல்பே. அசையும் படங்களும் நுண்ணிய வேலைப்பாடுகளும் காண்போர் கண்ணைக் கவரும். ஆனால் உணவு வங்கியின் பொறுப்பாளர் வேண்டுவதோ மிக எளியது. உணவு வழங்கும் நாளையும் நேரத்தையும் தாமே மாற்றி எழுத இயன்றால் அவருக்குப் போதும். குளிர்காலத்தில் பனி மிகுதியாகப் பெய்யும் நாளில் நிலையத்தின் கதவு அடைக்கப்படும். அச்செய்தியைத் தளத்தில் எழுத அறிந்தவர் ஒருவரும் இல்லையாயின், தளம் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதனை நம்பிக் குழந்தையைக் கையிற் பிடித்துக்கொண்டு பனியில் நடந்து வரும் தாய், பூட்டிய கதவைக் கண்டு வெறுங்கையுடன் திரும்புவாள். தளமே இல்லாதிருப்பின், அவள் பிறரைக் கேட்டேனும் உண்மை அறிந்திருப்பாள். பிழையுரைக்கும் தளத்தினும் தளமின்மை நன்று.

ஆதலின், அனுபவம் வாய்ந்த தொண்டர்கள் ஞாயிற்றுக்கிழமையின் இறுதி நேரத்தைப் புதுமைகளில் செலவிடுவதில்லை. ஒப்படைக்கும் பணிக்கே அதனை ஒதுக்குகின்றனர். முகவரியும் வழங்கியும் தம் பெயரில் இன்றி நிறுவனத்தின் பெயரில் பதிவாகுமாறு பார்த்துக்கொள்கின்றனர். கடவுச்சொற்களைப் பொறுப்பாளரிடம் பாதுகாப்பாக ஒப்படைக்கின்றனர். முகவரியைப் புதுப்பிக்க வேண்டிய நாளை எழுதித் தருகின்றனர். பின்னர்ப் பொறுப்பாளரையே கணினியின் முன் அமரச் செய்து, ஒரு செய்தியை மாற்றி எழுதுமாறு கூறி, தாம் அருகில் நின்று காண்கின்றனர். அவர் தடுமாறும் இடத்தில், குறை தளத்தின் அமைப்பில் உள்ளது என்று கொண்டு அதனை எளிமைப்படுத்துகின்றனர்.

கண்பார்வை அற்றோர், பக்கத்திலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் மென்பொருளின் துணையால் தளங்களைப் பயன்படுத்துகின்றனர். படத்துக்கு எழுத்தில் விளக்கம் இல்லையாயின் அப்படத்தின் பொருள் அவர்களுக்கு எட்டாது. இத்தகைய நெறிமுறைகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. அவற்றைப் பின்பற்றுதலும் தொண்டின் ஒரு பகுதியே.

தம்மால் இயலாததை இயலாது என்று முன்னரே கூறுதலும் வேண்டும். நிறுவனம் பத்துப் பணிகளைக் கேட்குமிடத்து, மூன்றை மட்டும் ஏற்று முழுமையாக முடிப்பவரே உண்மையில் உதவியவர் ஆவர். பாதியில் நிற்கும் மாளிகையினும் கூரையும் கதவும் உடைய சிறுகுடில் மேலானது.

ஞாயிற்றுக்கிழமை மாலை எழும் கைதட்டல் விரைவில் அடங்கிவிடும். தொண்டர்கள் தத்தம் இல்லம் திரும்பி, மறுநாள் தத்தம் அலுவலுக்குச் செல்வர். அத்திங்கட்கிழமைக் காலையில் உணவு வங்கியின் பொறுப்பாளர், எவர் துணையுமின்றித் தம் தளத்தைத் திறந்து, அன்றைய உணவு நேரத்தை மாற்றி எழுதுவாராயின், அக்கொடை நிறைவுற்றதாகும். கொடுப்போர் சென்ற பின்னும் பெறுவோர் கையில் நின்று பயன் தருவதே சிறந்த கொடை.