விலை கொடுத்தவர் யார்?

தலைவர்கள் கொள்கை மாறலாமா என்று தோழர்கள் நம்மைக் கேட்கிறார்கள். மாறலாம், மாறுவதே குற்றமன்று. அந்த மாற்றத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்பதே நாம் பார்க்கவேண்டியது.

ராம்சே மக்டனால்டு, ஸ்காட்லாந்தின் ஏழைத்தாய் பெற்ற பிள்ளை. பிரிட்டிஷ் தொழிற்கட்சியை வளர்த்தவர்களில் முதல் வரிசைக்காரர். 1914-இல் நாடே போர்வெறி கொண்டு நின்றபோது, "கூடாது" என்றார். பாராளுமன்றக் கட்சித் தலைமையைத் துறந்தார். 1918 தேர்தலில் தோற்றார். ஏச்சும் பேச்சும் கேட்டார். தொழிலாளர் மறக்கவில்லை. 1924-இல் தொழிற்கட்சியின் முதல் பிரதமரானார்.

அதே மக்டனால்டு 1931-இல் என்ன செய்தார்? வேலையில்லாதோர் 25 இலட்சத்துக்கு மேல். கஜானாவில் துண்டு விழுந்தது. தங்கப் பவுனின் மதிப்பைக் காக்க, வேலையற்றோர் உதவித்தொகையில் பத்தில் ஒரு பங்கை வெட்டலாம் என்றார். மந்திரிசபை பிளந்தது. விலகுவார் என்றிருந்தனர் தோழர்கள். அவரோ ஆகஸ்ட் 24-இல் கன்சர்வேடிவ்களோடு கைகோத்துப் பிரதமர் நாற்காலியிலேயே அமர்ந்தார்! பவுனாவது பிழைத்ததா? ஒரே மாதத்தில் தங்க நாணய முறையையே கைவிட்டார்கள். வெட்டு மட்டும் நின்றது!

1914-இல் மாறாததற்கு அவரே விலை கொடுத்தார். 1931-இல் மாறியதற்கு விலை கொடுத்தவன், அடுப்பில் பூனை உறங்கும் வீட்டுத் தொழிலாளி.

கட்சி அவரை நீக்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் 52 இடங்களே கிடைத்தன. அழிந்ததா? இல்லை. 1935-இல் சீஹாம் தொகுதியில் அவரையே வீழ்த்தியது. 1945-இல் 393 இடங்களுடன் ஆட்சி ஏறியது.

தலைவரை நேசிப்போம். அவர் மாறும் நாளில் மட்டும் கேட்போம்: யார் வயிற்றில் அடித்து?